ஆரியசாலை வாட்: ஓர் அளவையியல் ஆய்வு

ஆம்ப்ளிஃபையரின் வலிமையைச் சொல்ல இரண்டு அளவுகள் வழக்கில் உள்ளன. ஆர்.எம்.எஸ். என்பது பெட்டி தொடர்ந்து கொடுக்கும் திறன். பி.எம்.பி.ஓ. என்பது அட்டையில் அச்சடிக்கக்கூடிய திறன். பின்னதை ஆரியசாலை வாட் என்றே இவ்வாய்வு வழங்கும். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஊருக்கு அந்த உரிமை உண்டு. மேலும் ஆதாரம் கேட்பது ஆய்வு நாகரிகமன்று.

சோதனை எளிது. முகப்பில் 5,000 வாட் என்றிருக்கும் பெட்டியைத் திருப்பவும். பின்னால் 2 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால், வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டால் பெருக்கவும். 460 வரும். மீதி 4,540 வாட் நம்பிக்கையிலிருந்து உற்பத்தியாகிறது. அதற்கு மின்வாரியம் கட்டணம் வாங்குவதில்லை.

“அண்ணாச்சி, சப்வூஃபர் நல்லா அடிக்குமா?”

“நெஞ்சுல அடிக்கும் தம்பி.”

வியாபாரம் முடிந்தது. ஓம் பற்றிய பேச்சே எழவில்லை. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகப் பூட்டினால் 4 ஓம் ஆகும். அதைத் தாங்காத ஆம்ப் கொதித்தே சாகும். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரட்டிப்பாகக் கேட்கச் சுமார் 500 வாட் வேண்டும். சின்ன ஆம்பைக் கடைசிவரை திருகுவதோ இன்னும் ஆபத்து: அலையின் தலை வெட்டுப்பட்டு ட்வீட்டர் கருகும். ஆகவே ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ்ஸைவிட ஆம்ப் சற்றுக் கூடுதலாகவும், திருகும் கை சற்று அடக்கமாகவும் இருக்கலாம்.

சப்வூஃபருக்குத் தனி மோனோ ஆம்ப், 80 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வடிக்கும் ஃபில்டர் வேண்டும். இங்கே சமூகவியல் குறுக்கிடுகிறது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். சந்து வீட்டு முன்னறையில் அதற்கு நீட்டிப் படுக்க இடமில்லை. பொதுச்சுவரும் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. பேஸுக்குக் காசு கொடுப்பவர் ஒருவர், அனுபவிப்பவர் பக்கத்து வீட்டார்.

ஒலிக்கு இவ்வூர்ப் பக்கம் பழைய வழியும் உண்டு. நவராத்திரிக்கு வேளிமலை முருகனான குமாரசாமி ஆரியசாலைக் கோயிலுக்கு எழுந்தருளும்போது, சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி கேட்கிறாள். அங்கே ஒலி சிறக்கக் கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு பானையிலும் வாட் எழுதவில்லை.

கடைக்குப் போகிறவர் ஸ்பீக்கரின் ஓம், ஆர்.எம்.எஸ். இரண்டையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போகவும். நீல விளக்கு மினுக்கும் பெட்டியை அண்ணாச்சி எடுத்துவைத்தால், பதில் பேசாமல் சீட்டை நீட்டவும்.