நாவலுக்குப் போட்ட விலங்கு

கேள்வி: சர்வாதிகாரிகள் எழுத்தாளர்களைக் கண்டால் ஏன் இப்படி நடுங்குகிறார்கள்?

பதில்: மற்ற எல்லோரையும்விட அவர்கள்தானே எழுத்தின் மேல் அபார நம்பிக்கை வைத்திருக்கிறார்கள்! 1961 பிப்ரவரியில், மாஸ்கோவில் எழுத்தாளர் வசீலி கிராஸ்மன் வீட்டுக்குள் புகுந்த சோவியத் உளவுத்துறையான கேஜிபிக்காரர்கள் அவரைக் கைது செய்யவில்லை. 'வாழ்வும் விதியும்' நாவலைத்தான் கைது செய்தார்கள். தட்டச்சுப் பிரதி, கார்பன் தாள், டைப்ரைட்டர் ரிப்பன் எல்லாம் போயிற்று. (எந்தப் பதிப்பாளர் இவ்வளவு ஆசையாக வந்து வாங்குவார்?) புத்தகத்துக்கு விடுதலை கேட்டு சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கே கடிதம் எழுதினார் மனிதர். கிடைக்கவில்லை, 1964-ல் இறந்தார். நண்பர் ஒளித்துவைத்த பிரதி மைக்ரோஃபிலிமாக எல்லை தாண்டி, 1980-ல் சுவிட்சர்லாந்தில் அச்சேறியது. பறித்துப்போன பிரதிகளை ரஷ்ய உளவுத்துறை 2013-ல்தான் திருப்பித் தந்தது. படித்து முடிக்க 52 வருஷம் ஆகியிருக்கும், பெரிய நாவலாயிற்றே!