வலி போனால் மாத்திரையும் போகலாமா?

கேள்வி: அல்சருக்கு டாக்டர் 14 நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார். நாலே நாளில் வலி போய்விட்டது. மீதியை நிறுத்திவிடலாமா? (வாசகர், தேனி)

பதில்: வேண்டவே வேண்டாம். வலிதான் கிளம்பியிருக்கிறது, கிருமி இன்னும் வீட்டைக் காலி செய்யவில்லை! பலருக்கு அல்சர் வரக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமிக் கரைசலையே குடித்துப் பார்த்தார். முதலில் இரைப்பை அழற்சி வந்தது. 2005-ல் ராபின் வாரனோடு நோபல் பரிசும் வந்தது.

பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். எனவே 14 நாளும் முடியுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்றவற்றைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். முழங்கால் வலிக்கிறதென்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்காதீர்கள். மூட்டுக்குப் போட்டது வயிற்றைப் புண்ணாக்கும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அதை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள்.

மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்தவாந்தி எடுத்தாலோ அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.