ஊசிக்குப் போற பேராண்டிக்கு ஆச்சி சொல்லுத புத்தி

ஏலே, பாளையங்கோட்டைக்குப் பச்சை குத்தப் போறியாமே? அட்வான்ஸும் கட்டியாச்சாம், உங்கம்மைக்குத் தெரியாதாம். இந்த வீட்ல உங்கம்மைக்குத் தெரியாம ஒரு கோழி முட்டையிட்டிருக்கா? சரி, என்கிட்ட வந்துட்டே, சொல்லுதேன்.

தைரியத்துக்கு ரெண்டு மடக்கு போட்டுட்டுப் போலாம்னு உன் கூட்டாளி சொல்லியிருப்பான். குடிச்சவனுக்கு ரத்தம் கூடக் கசியும், மை சரியாப் பிடிக்காது. நல்ல கடைக்காரன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிருவான். அட்வான்ஸ் அவனுக்கு, அவமானம் உனக்கு. அதனால மொத நாளே அதை விட்டுரு. ராத்திரி போனைக் கவுத்தி வச்சிட்டுத் தூங்கு. காலையில நாலு இட்லி கூடவே தின்னு, தண்ணி நெறையக் குடி. வெறும் வயித்தோட போயி ஊசி பட்டதும் கண்ணு இருட்டி விழுந்தேன்னா, அதையும் ஒருத்தன் வீடியோ எடுத்துப் போடுவான். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை திங்குதவங்க டாக்டரைக் கேக்காமப் போவக்கூடாதாம். உனக்கு அந்த வயசு ஆவல, தாத்தாவுக்கு ஆசை வந்தாச் சொல்லிவை.

என் கையில கெடக்கே இந்தக் கோலம், இதுக்கு அட்வான்ஸ் எல்லாம் கெடையாது. குறத்தி வருவா. அகத்திக்கீரையும் மஞ்சளும் துணியில முடிஞ்சு கரிச்சு வச்சிருப்பா. அந்தக் கரியைக் குழைச்சு, ஊசியால ஒவ்வொரு புள்ளியாக் குத்துவா. நான் போடுத கூப்பாடு தெருவுக்குக் கேக்காம இருக்க அவ பாட்டை எடுத்துவிடுவா. கூலி ஒரு படி நெல்லு. கீழத்தெரு பூராவுக்கும் ஒரே ஊசி! நாங்க தப்பிச்சது அம்மன் புண்ணியம்.

உன்னைக் காப்பாத்த அம்மனுக்கு நேரம் இருக்குமோ என்னவோ. அதனால கண்ணு முன்னால உறை பிரிச்சுப் புது ஊசி எடுக்கானா, கையுறை புதுசா, மையை உனக்குன்னு தனிக் கிண்ணத்துல ஊத்துதானான்னு பாரு. ஈரல் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் பழைய ஊசியில ஓசியா வரும். இன்னொண்ணு, பச்சை குத்தினா ஒரு வருசத்துக்கு ரத்தம் குடுக்க முடியாது. முகாம்ல போட்டோவுக்கு நிக்குத நெனப்பு இருந்தா மறந்துரு.

எந்தப் பேரைக் குத்தப் போறே? போன ஆடியில பைக்குல ஒட்டின பேரைத் தையில நீ நகத்தால சுரண்டினதைத் திண்ணையில இருந்து பாத்தவ நான். தோல்ல ஏறினதைச் சுரண்ட லேசர் வேணும்லே. ஒரு நடையில முடியாது, பல நடை நடக்கணும். கறுப்பாவது மெல்லக் கரையும். பச்சையும் மஞ்சளும் லேசுல போவாது. பேசாம உங்கம்மை பேரைக் குத்து. அவ மாறவும் மாட்டா, அடி வாங்குததும் கொஞ்சம் கொறையும். ஊசி வைக்குமுன்ன ஊதாக் கலர்ல அச்சு ஒட்டுவான். அப்பமே எழுத்துக் கூட்டி வாசிச்சிரு. ணகரமா னகரமான்னு பொறவு கடைக்காரன்ட்ட சண்டை போட்டு ஒண்ணும் ஆவாது.

குத்தின பொறவு ரெண்டு மூணு வாரம் ஆத்துல முங்காதே. பக்கு உதிரும், உரிக்காதே.

ஆமா, காலங்காத்தால ஓடுதியே, அது பட்டாளத்துக்குத்தானே? முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் உள்பக்கம், அப்புறம் புறங்கை, இம்புட்டு எடத்துலதான் ஆர்மிக்காரன் பச்சையை ஒத்துக்கிடுதான். நீ போன்ல காட்டின சிங்கம் புஜத்துல நிக்கி, அதோட வாலு கழுத்து வரைக்கும் போவுது. மெடிக்கல்ல சட்டையைக் கழட்டச் சொன்னா சிங்கமும் நீயும் ஒண்ணா வீடு வந்து சேருவியளே! அட்வான்ஸ் திரும்பாதுன்னு அவன் சொன்னா, உங்கப்பனைக் கூட்டிட்டுப் போ. ரேஷன் கார்டுக்கு எழுதிக் குடுத்த நாள்லருந்து உங்கம்மை பேரைத் தப்பாவே எழுதுதான், பாத்து எழுதக் கையிலயாவது ஒண்ணு கெடக்கட்டும்.