தவணையில் வாங்கிய வெளிச்சம்

கல்யாணப் படம் எடுக்கிறவனுக்கு இரண்டு வெளிச்சம். ஒன்று சூரியன் கொடுப்பது, இன்னொன்று தவணையில் வாங்குவது. முதலாவதைப் பார்க்கப் பழகுவதற்கு முன்பே நான் இரண்டாவதை வாங்கிவிட்டேன்.

200 வாட்-செகண்ட் ஃப்ளாஷ். லித்தியம் பேட்டரி. கரண்ட் வேண்டாம், வயர் வேண்டாம். உச்சி வெயிலையே அடக்கும் என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான கேமராக்களில் ஃப்ளாஷோடு ஷட்டர் ஒத்துப்போவது 1/200, மிஞ்சினால் 1/250 வரை. பின்னணி மங்க வேண்டுமென்று லென்ஸை எஃப் 2 வரை திறந்தால், நல்ல வெயிலில் 1/6400 கேட்கும். அதற்கு ஹைஸ்பீட் சிங்க் இருக்கிறது. ஒரே வெட்டாக வெட்டாமல், ஷட்டர் கடந்து முடியும்வரை ஃப்ளாஷ் படபடவென்று துடித்துக்கொண்டிருக்கும். அதில் பலம் கரைந்துவிடும். ஈடுகட்ட விளக்கைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். இவ்வளவும் எனக்கு மாமல்லபுரம் கடற்கரையில், பகல் பதினொரு மணிக்கு, பட்டுப்புடவையில் வியர்த்து நின்ற மணப்பெண்ணின் முன்னால்தான் விளங்கியது.

கடற்காற்றில் நாலடி சாஃப்ட்பாக்ஸ் சும்மா நிற்காது. ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை வைக்க வேண்டும். சுற்றிலும் மணல், மூட்டையைத்தான் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். சம்பளத்துக்கு லைட் பாய் வைப்பதையும் மிச்சம் பிடித்திருந்ததால் பெண்ணின் மாமா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். தங்கமான மனிதர். "படத்துல நான் விழுந்துடப் போறேன் தம்பி" என்று ஒவ்வொரு கிளிக்குக்கும் ஓரடி பின்னால் போனார். மூன்றடியில் இருந்த விளக்கு ஆறடிக்குப் போனால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். மாமாவின் மரியாதை கூடக் கூட மணமக்கள் இருட்டிக்கொண்டே போனார்கள். நான் ஐஎஸ்ஓவைத் திருகிக்கொண்டிருந்தேனே தவிர, தலையைத் தூக்கி மாமாவைப் பார்க்கவில்லை.

செட்டிநாட்டு வீடு ஒன்றில் வேறு கூத்து. ஃப்ளாஷைக் கூரையில் அடித்துத் திருப்பினால் வெளிச்சம் மெத்தென்று விழும் என்று படித்திருந்தேன். வெள்ளைக் கூரையில் விழும். அங்கே அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் தேக்கு மரம். போன வெளிச்சத்தில் பெரும்பங்கு திரும்பவில்லை. திரும்பியது தேக்கு நிறத்தில் வந்தது. புது வார்னிஷ் அடித்த பீரோ மாதிரி நின்றார்கள் மணமக்கள் இருவரும். பத்தடி தள்ளி வளவு முற்றத்தில், திறந்த வானத்திலிருந்து அருமையான வெளிச்சம் இலவசமாக இறங்கிக்கொண்டிருந்தது. தவணை கட்டுகிறவன் கண்ணுக்கு அதெல்லாம் படாது.

மண்டபத்து மஞ்சள் விளக்குக்கு இணையாக ஃப்ளாஷின் முகத்தில் ஆரஞ்சு ஜெல் தாள் ஒட்டுவோம். ரிசப்ஷனில் ஒட்டியதை உரிக்காமல் மறுநாள் காலை வெயிலில் எடுத்தேன். கேமரா திரையை எட்டிப் பார்த்த பாட்டி, "நலங்கு மஞ்சளை இன்னுமா கழுவல?" என்றார்.

எல்லாவற்றையும்விட என்னை அடக்கியது ஒரு முகூர்த்தம். பெண் வீட்டுக்கு ஒரு போட்டோகிராபர், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒருவர் என்று வைப்பது நம் பக்கம் சகஜம். நான் பெண் வீட்டு ஆள். தாலி கட்டி முடித்து ஜோடியைத் தனியே நிறுத்தினால், நான் கிளிக் பண்ணாமலே என் ஃப்ளாஷ் தானாக வெட்டுகிறது. நான் கிளிக் பண்ணும்போது மட்டும் செத்துக் கிடக்கிறது. பேட்டரியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டினேன். தட்டிப் பார்த்தேன். திட்டியும் பார்த்தேன். அப்புறம்தான் எதிர்ப்பக்கம் நின்ற மாப்பிள்ளை வீட்டுக்காரரின் கையைப் பார்த்தேன். அதே கம்பெனி வயர்லெஸ் ட்ரிக்கர், அதே சேனல் 1. அவர் அமுக்க என் விளக்கு எரிந்தது. முழு பலத்தில் வெட்டிய ஃப்ளாஷ் மறுபடி நிரம்ப எடுக்கும் அந்த ஓரிரு விநாடிக்குள் நான் அமுக்கிக்கொண்டிருந்தேன். அவருக்கும் தெரியாது பாவம். தன் கைராசி என்று நினைத்திருப்பார்.

ஆல்பம் வந்தது. அவர் படங்களில் ஜரிகை மின்னியது, மூக்குத்தி மின்னியது. பெண்ணின் அப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அவங்க ஆள் மாதிரி நீங்களும் நல்ல லைட் ஒண்ணு வாங்கக்கூடாதா தம்பி?"

இப்போது மண்டபத்துக்குள் நுழைந்ததும் எதிர்த்தரப்புக்காரரிடம் போய் வணக்கம் சொல்லி, "அண்ணே, என்ன சேனல்?" என்று கேட்டுவிடுகிறேன். மாமாக்களிடம்தான் ஒரு வேண்டுகோள் பாக்கி. யாராவது உங்கள் கையில் ஸ்டாண்டைக் கொடுத்தால், நிறுத்திய இடத்திலேயே நில்லுங்கள். படத்தில் விழுந்தால் வெட்டிக்கொள்ளலாம். ஓரடிகூடப் பின்னால் போகாதீர்கள்.