பக்கத்து வூட்டுப் பஞ்சாயத்து

வாடா பேராண்டி, குந்து. கெமிஸ்ட்ரில எம்.எஸ்ஸி. முடிச்சிட்டியாமே! காலைல கோட்டைக்குப்பம் கரைல உன் கெமிஸ்ட்ரியப் பார்த்தேன். ஒரு கூடை வெள்ளை இறால வெயில்ல வெச்சிட்டு, செல்போன்ல சிரிச்சினு நின்னே. ஏலத்துக்குப் போறதுக்குள்ள தலையெல்லாம் கறுத்துப் போச்சு. யாவாரி பாதி வெலைதான் குடுத்தான். இறாலுக்கு ஏதோ நோவுன்னு ஊர்ல சொல்லினு வேற திரியறியாம்.

நோவும் இல்ல, பேயும் இல்ல. உன் புஸ்தகத்துலயே கீது. நேத்து ராத்திரி எடுத்துப் பார்த்தேன், ஒரு பக்கம்கூட கசங்காம புதுசாவே இருந்தது.

இறால் செத்ததும் அது தலைக்குள்ள பாலிஃபீனால் ஆக்சிடேஸுன்னு ஒரு நொதி முழிச்சிக்குது. டைரோசினப் புடிச்சி டோபாவா மாத்துது. டோபா யாரு? கேட்டகால் வூட்டுப் புள்ள. பென்சீன்னா ஆறு வூடு வட்டமா நிக்கிற தெருன்னு வெச்சிக்க. அதுல அடுத்தடுத்த ரெண்டு வாசல்ல ரெண்டு ஓஎச் குந்தினு கீது, அதான் கேட்டகால். பக்கத்து பக்கத்து வூடுன்னா சும்மா இருக்குமா? நொதி தரகு பண்ண, காத்துல கீற ஆக்சிஜன் வந்து பூந்துக்கும். ரெண்டு வூடும் ஹைட்ரஜனப் பறிகுடுத்துட்டு குயினோனா நிக்கும். குயினோனுக்குத் தனியா இருக்கத் தெரியாது. கெடச்சவன் தோள்மேலெல்லாம் தொங்கும். கடைசில எல்லாம் சேர்ந்து மெலனின். உன் தலைமுடில கீற அதே சாதிக் கறுப்பு. என் தலைய வுட்டுப் போனதும் அதான்.

தின்னா ஒண்ணும் ஆவாது. வெலைதான் சாவும்.

இறாலத் திட்டாதடா. அது சட்டை உரிச்சிட்டு, பூந்தோலோட ஒளிஞ்சினு கீறப்போ, இதே குயினோன்தான் புரதத்தைப் புரதத்தோட தெச்சி ஓட்டை இறுக்கிக் குடுக்குது. உசுரு இருக்கிறவரைக்கும் கட்டுப்பாடு. அப்புறம் பெரிசு இல்லாத வூடு.

இன்னா மொறைக்கிறே? உன் கேட்டகால் என் வெத்தலப் பெட்டில இருந்து போனது. 1839ல ரைன்ஷுன்னு ஒரு ஜெர்மன்காரரு, காசுக்கட்டில கீற கேட்டகினக் காய்ச்சி வடிச்சாரு, அது வந்துது. பேரும் காசுக்கட்டிக்கு வெள்ளைக்காரன் வெச்ச பேருல இருந்து பொறந்ததுதான். பாக்கை டாக்டரு புடுங்கிட்டாரு, நியாயம்தான், அது புத்துநோய்க்கு வழி. நூல் வலை காலத்துல பனிச்சங்காய்ச் சாத்துல வலைய ஊற வெப்பாங்க. அந்தத் துவர்ப்பும் இதே குடும்பம்தான், நூலை மக்க வுடாது. 1613ல ஒல்லாந்தக்காரன் இங்க கெல்ட்ரியா கோட்டையக் கட்டினது நம்ம மடவை மீனுக்குன்னா நெனச்சே? துணிக்குடா! சோழமண்டலத்துச் சாயவேர்ச் சிவப்பு இன்னா? அலிசரின். அதுலயும் பக்கத்து பக்கத்துல ரெண்டு ஓஎச். படிகாரம்தான் அதைத் துணியோட கட்டிப் போடும்.

சரி, இறாலுக்கு வா. வலைய வுட்டு எடுத்ததும் ஐஸ்ல போடு. குளிர்ல நொதி உன்ன மாதிரி ஆயிடும், வேல நிக்காது, ஆனா நகராது. சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டுன்னு ஒரு தூள் கீது, குயினோனப் பழையபடி ஆளாக்கும். கை தாராளமா அள்ளிப் போடாத. ஒரு கிலோ பச்சை இறால் சதைல 100 மில்லிகிராம் சல்ஃபைட்டுக்கு மேல கூடாதுன்னு கோடெக்ஸுங்கற உலக உணவுத் தரக் கணக்கு. ஆஸ்துமாக்காரன் தின்னா மூச்சு முட்டும்.

எனக்குப் புடிச்ச ஆளு வேற. 4-ஹெக்சைல்ரெசார்சினால். கேட்டகாலுக்குப் பங்காளி, ஆனா வெவரமானவன். அவனோட ரெண்டு ஓஎச்சும் நடுவுல ஒரு வூடு வுட்டுக் குந்தினு கீது. நொதி ஏமாந்து அவன்கிட்டப் போயி மாட்டிக்கும், இறால் வெள்ளையாவே கெடக்கும்.

எழுந்து போயி அந்த ஐஸ் பெட்டியக் கழுவு. ஆங், காலைல போன்ல யாரு? பக்கத்து வூட்டுப் பொண்ணுதானே? சுவத்துக்கு இந்தாண்ட இருந்து கூப்ட்டா அதுக்குக் காது கேக்காதாடா?