இன்னும் ஒரு மாக் டெஸ்ட்

கிளாட் தம்பியைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது எளிது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதுகூட அவன் மடியில் ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கப் பக்கம் விரிந்து கிடக்கும். "என்னப்பா, கவர்மென்ட் வேலைக்குப் படிக்கிறியா?" என்று பெரியப்பா கேட்பார். "இல்ல பெரியப்பா, கிளாட்" என்பான். அடுத்த கல்யாணத்திலும் அதே கேள்வி, அதே பதில்.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்தாண்டு சட்டம் படிக்க எழுதும் பொது நுழைவுத் தேர்வுதான் கிளாட். 120 நிமிடத்தில் 120 கேள்வி. ஆங்கிலம், நடப்புச் செய்தி, சட்டம், தர்க்கம், கொஞ்சம் கணக்கு. சரியான பதிலுக்கு ஒரு மதிப்பெண். தப்பென்றால் கால் மதிப்பெண் போய்விடும்.

தம்பியின் குணத்தையே மாற்றியது அந்தக் கால் மதிப்பெண்தான். "இட்லியா, தோசையாடா?" என்று அம்மா கேட்டால் வாயைத் திறக்க மாட்டான். நிச்சயமில்லாததைத் தொடாமல் விட வேண்டும் என்பது கோச்சிங் சென்டர் பாடம். அம்மா உப்புமாவைக் கிண்டி வைத்துவிடுவாள்.

2018-இல் பத்தாவது முடித்த கையோடு இரண்டாண்டு பாட்ச்சில் சேர்ந்தவன் அவன். அப்போது 200 கேள்வி. பொது அறிவுப் புத்தகத்தை உருப்போட்டு முடித்தபோது, 2020-இல் எல்லாமே பத்தி படித்துப் பதில் சொல்லும் 150 கேள்வியாக மாறிவிட்டது. கொரோனாவால் தள்ளித் தள்ளிப்போய்த் தேர்வு நடந்தது செப்டம்பர் 28-இல். 2024 கிளாட்டில் 120 ஆனது. இன்னும் கொஞ்ச வருடம் பொறுத்தால் ஒரே கேள்வியில் முடிந்துவிடும் என்பது அவன் தங்கையின் கணிப்பு.

2022-ஐ மட்டும் அவன் பொற்காலம் என்பான். அந்த ஒரே ஆண்டில் ஜூனில் ஒரு கிளாட், டிசம்பரில் அடுத்த கிளாட்.

சட்டப் பகுதியில் ஒரு விதியைக் கொடுத்து, ஒரு சம்பவத்தையும் கொடுத்து, பொருத்தச் சொல்வார்கள். தம்பி அதை வீட்டிலும் பொருத்துவான். தங்கை சார்ஜரை எடுத்தால், "பிறர் வசமுள்ள அசையும் பொருளைச் சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்துவது திருட்டு" என்று ஆரம்பிப்பான். "அது என் சார்ஜர்டா!" என்பாள் அவள். "அப்படின்னா இது மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட், எனக்கு விலக்கு உண்டு" என்று தன்னைத் தானே விடுதலை செய்துகொள்வான்.

மாக் டெஸ்ட்டில் எப்போதும் நல்ல மார்க்தான். ஒருமுறை நிஜத் தேர்விலும் சீட் வந்தது. அதுவும் உள்ளூரான திருச்சியில், நாவலூர்குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில். டவுன் பஸ் தூரம் என்று அப்பா குளிர்ந்துபோனார். "பெங்களூரு கிடைக்கிற ராங்க் இது இல்லப்பா" என்று தம்பி இன்னொரு வருடம் ட்ராப் எடுத்தான்.

எதிர்வீட்டுப் பையன் இந்தப் பக்கமே வரவில்லை. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க் போதும். 2020-இல் சேர்ந்து, ஐந்து வருடம் முடித்து, இப்போது கறுப்புக் கோட்டில் கோர்ட்டுக்குப் போய் வாய்தா வாங்குகிறான். தம்பியும் வாய்தாதான் வாங்குகிறான், வருடத்துக்கு ஒன்று.

2025 கிளாட்டின் விடைக்குறிப்பில் தவறு என்று மாணவர்கள் வழக்குப் போட்டு, அது டெல்லி உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. மே மாதம் வந்த தீர்ப்பைத் தம்பி வரி விடாமல் படித்தான். சட்டக் கல்லூரி வாசலை மிதிக்குமுன் சுப்ரீம் கோர்ட் வரை போய்விட்டார்களே என்று ஒரு வாரம் பொறாமையில் வெந்தான்.

முன்பு 20 வயதோடு இந்தத் தேர்வுக்கு விடை கொடுத்துவிட வேண்டும். இப்போது வயது வரம்பே இல்லை. ஆகவே தம்பி இருப்பான். இப்போதெல்லாம் கிளாட் டிசம்பர் முதல் ஞாயிறு. அன்று மாலை அந்த வீட்டுப் பக்கம் போகிறவர்கள் "எப்படிடா எழுதினே?" என்று மட்டும் கேட்டுவிட வேண்டாம். 120 கேள்விக்கும் விளக்கம் கிடைக்கும், காபி கிடைக்காது.