தள்ளிப் போ, எரியும் (3)

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. விருத்தாசலத்துக்குப் பீங்கான் தொழில் படிக்கப் போற புள்ள, பஸ்ஸு வர்ற வரைக்கும் குறுக்கெழுத்துக் கட்டத்தையே மொறச்சுப் பாத்துக்கிட்டிருக்க. பேனா மூடியில பாதியைத் தின்னுட்ட. கட்டத்துல இன்னும் ஒரு எழுத்து விழல. கேட்டா, “இந்தக் குறிப்புக்கு அர்த்தமே இல்ல தாத்தா”ங்குற. அர்த்தம் இல்லாம ஒண்ணும் இல்லடா. நீ அர்த்தத்தைத் தேடுறியே, அதுதான் கோளாறு.

“தள்ளிப் போ, எரியும்”னு போட்டு, அடைப்புல மூணுன்னு எழுதியிருக்கான். நீ உடனே அடுப்பு, நெருப்பு, மிளகாய்ப்பொடின்னு ஓடிட்ட. நில்லு. தள்ளிப் போன்னு ஒரே சொல்லுல எப்படிச் சொல்லுவ? அகல். எரியிறது எது? அதுவும் அகல். அ, க, ல் – கட்டம் சரியாப் போச்சா? பீங்கான் பேட்டையில பொம்மையும் பியூஸ் கட்டையும் அகல் விளக்கும் சுட்டு அடுக்கி வச்சிருக்கிறதத் தெனமும் பாக்குற. ஆனா கட்டத்துக்குள்ள வந்தா மட்டும் அகல் கண்ணுல படல. நாளைக்குக் கல்யாணம் ஆனதும் இலக்கணமாப் பேசுறேன்னு பொண்டாட்டிகிட்டப் போயி “அகல்”னு சொல்லி வைக்காதே. அவ விளக்கு ஏத்த மாட்டா, வேற எதையாச்சும் எடுப்பா.

மாட்டுச் சந்தையில தரகனைப் பாத்திருக்கியா? வாயில மழை தண்ணி, புள்ளைங்க கல்யாணம்னு ஊர்க்கதை ஓடும். வெல எல்லாம் துண்டுக்கு அடியில வெரல்ல முடிஞ்சிரும். புதிர் போடுறவனும் அதே ஆளுதான். வாக்கியம் அவன் வாய்ப்பேச்சு. அதைக் கேட்டுக்கிட்டே நின்னீன்னா மாட்டை வித்துட்டுக் கயித்தோட வருவ. துண்டுக்குள்ள கையை விடு.

சொல்விளையாட்டுக் குறிப்புல ரெண்டு பங்கு உண்டு. ஒரு பங்கு விடையோட நேர் பொருள். அது குறிப்போட தலையில இருக்கும், இல்லாட்டி வால்ல இருக்கும், நடுவுல இருக்கவே இருக்காது. மிச்சப் பங்கு அந்தச் சொல்லைக் கட்டுற வித்தை. “தவம் கலைந்ததால் கொலை (3)”னு ஒண்ணு. படிச்ச ஒடனே விசுவாமித்திரன், மேனகைன்னு நீ சினிமாவுக்குப் போயிருவ. போகாதே. கலைந்ததுன்னா எழுத்தைக் கலைச்சுப் போடுன்னு அர்த்தம். த, வ, ம் – கலைச்சா வதம். கொலைதானே? உடைஞ்சது, சிதறினது, குழம்பினதுன்னு எந்தச் சொல்லைப் பாத்தாலும் பக்கத்துல நிக்கிற சொல்லைப் பிரிச்சு மேஞ்சிரு. “மந்திரி தலை மாறினால் பருப்பு (4)”னு வந்தா அரசியல் பேச உக்காந்துராதே. ம-வைத் தூக்கிட்டு மு-வை வை: முந்திரி. நம்ம பக்கத்துப் புள்ளைக்கு இது கூடவா தெரியாது? விருத்தாசலம் ஆராய்ச்சிப் பண்ணையிலேருந்து வந்த முந்திரி ரகத்துக்கு வி.ஆர்.ஐ.ன்னே பேரு வச்சிருக்கான். “தலை போனது, வால் அறுந்தது, வயிற்றுக்குள்ளே”ன்னெல்லாம் வந்தா ஆஸ்பத்திரி ஞாபகம் வேண்டாம். மொத எழுத்தை எடு, கடைசி எழுத்தை எடு, உள்ள தேடு. அவ்வளவுதான். “கருவேப்பிலங்குறிச்சிக்குள் கோடாங்கி சொல்வது (2)”. நம்ம ஊருப் பேருக்குள்ளயே குறி உக்காந்திருக்கு. எத்தனை வருஷமா அந்தப் போர்டைப் பாத்துக்கிட்டு நிக்கிற?

இது வெள்ளைக்காரன் வெளையாட்டு, நமக்கெங்க வரும்னு உங்கப்பன் சொல்லுவான். பாதி உண்மை. ஆர்தர் வின்னுன்னு ஒரு ஆளு, 1913 டிசம்பர் 21-ல நியூயார்க் வேர்ல்டு பேப்பர்ல மொதல் கட்டத்தைப் போட்டான். அது வெறும் அர்த்தம் கேக்குற கட்டம், வில்லங்கம் கிடையாது. வில்லங்கம் இங்கிலாந்துல மொளச்சுது. 1926-லேருந்து அப்சர்வர் பேப்பர்ல போட்ட மேதர்ஸு தனக்கு வச்சுக்கிட்ட புனைபேரு டார்க்குமாடா. ஸ்பெயின்ல ஆளைச் சித்திரவதை பண்ணுறதுக்குப் பேர் போன பாதிரி அந்த டார்க்குமாடா. பேருலயே சொல்லிட்டாம்பாரு, நேர்மையான ஆளு. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதே. பஜ்ஜி மடிச்சுக் குடுத்த தாளை எண்ணெய் தொடச்சிட்டுப் படிக்கிறவன் நான். நீ பஜ்ஜியத் தின்னுட்டுத் தாளைக் கசக்கிப் போடுறவன்.

மிச்சப் பாதிக்கு வா. தண்டியலங்காரத்துல வினாவுத்தரம்னு ஒரு வகை இருக்கு. லட்சுமிக்குப் பேரென்ன? திரு. ஒருத்தனைப் போகச் சொல்லணும்னா? ஏகு. வில்லுல வச்சு எய்யுறது? அம்பு. அழகுக்கு? அம். எல்லாத்தையும் ஒட்டு. சிவன் குடியிருக்கிற திருவேகம்பம், காஞ்சிபுரத்துக் கோயில். சொல்லைச் சொல்லோட ஒட்டுற இந்த வேலையை டார்க்குமாடாவோட முப்பாட்டனுக்கு முப்பாட்டன் பொறக்குறதுக்கு முன்னாடியே நம்மாளு செஞ்சு வச்சிருக்கான். ஒரு எழுத்து ஒரு எழுத்தாக் கழிச்சு வேற வேற பொருள் எடுக்கிறதுக்கு அக்கரச்சுதகம்னு பேரு. பாட்டுக்குள்ள பாட்டை ஒளிச்சு வைக்கிறது கரந்துறைச் செய்யுள். காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவுல கணக்கு முடிச்சவர். ஆனா ரொம்ப மார் தட்டிக்காதே. நாம அதைப் புலவன் சபையில பூட்டி வச்சோம், அவன் கட்டம் கிழிச்சு ரயில்ல போறவன் கையில குடுத்தான். இப்ப அந்தக் கட்டமும் நம்ம வித்தையும் சேந்துருச்சு. அமெரிக்காவுல வர்ற ‘தென்றல்’ மாசப் பத்திரிகையில வாஞ்சிநாதன் போட்ட தமிழ்ப் புதிரெல்லாம் இந்த ஜாதிதான்.

கட்டம் போடுறது சூதாட்டம்னும் உங்கப்பன் சொல்லுவானே? அதுக்கும் காரணம் உண்டு. அந்தக் காலத்துப் பரிசுப் போட்டியில ஒரே கட்டத்துக்கு ரெண்டு மூணு விடை பொருந்தும். அவன் பெட்டிக்குள்ள பூட்டி வச்சது எதுன்னு நீ ஊகிக்கணும், பணம் கட்டிக் கட்டி அனுப்பணும். 1955-ல மத்திய சர்க்காரு சட்டம் போட்டு, மாசத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல பரிசு கூடாதுன்னு நெறிச்சுது. 1957-ல உச்ச நீதிமன்றம், திறமையால ஜெயிக்கிற போட்டிக்கு இந்தச் சட்டம் ஒட்டாதுன்னு சொல்லிருச்சு. சொல்விளையாட்டுல அந்தத் திருட்டு நடக்காது. பொருளும் கட்டுமானமும் ரெண்டு பக்கமும் வந்து முட்டுறப்ப ஒரே விடைதான் நிக்கும். உங்கப்பனுக்குத் தீர்ப்பைச் சொல்லு. திறமை எங்கேன்னு கேட்டா மட்டும் வாயைத் தொறக்காதே.

இப்ப தொழில் ரகசியம். பேனாவைத் தூக்கிப் போட்டுட்டுப் பென்சில் எடு. பேனாவால கட்டம் போடுறவன் ஒண்ணு எல்லாம் தெரிஞ்சவன், இல்லாட்டி உன்னை மாதிரி ஆளு. தமிழ்ல ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. உயிர்மெய்யைப் பிரிக்கக் கூடாது, புள்ளி எழுத்துக்குத் தனிக் கட்டம். சொல்லு புள்ளி எழுத்துல தொடங்காது, உயிரெழுத்து நடுவுல வந்து குந்தாது. நன்னூல்ல மொழிமுதல் எழுத்துன்னு வாத்தியாரு கத்துனப்ப தூங்குனியே, அது இங்கதான் ஒதவும். மேலேருந்து கீழ வர்ற சொல்லு ‘ங்’குல தொடங்குதுன்னா நீ குறுக்க எழுதுனது தப்பு. நம்ம பக்கத்துப் பேச்சுல சந்தேகம்னா மணக்கொல்லைக்காரர் கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதின்னு ஒண்ணு தொகுத்திருக்காரு, வாங்கிப் படி. செல்போனைக் கேக்காதே. அது அர்த்தம் சொல்லும், உனக்கு வேண்டியது குசும்பு. அதுக்கு உன் அத்தை இருக்கா. “நல்லாருக்கியா”ன்னு கேட்டா “நீங்கள்லாம் இருக்க வுட்டாத்தான”ங்குறா பாரு, அவகிட்ட ரெண்டு குறிப்பு குடு. காபி ஆறுறதுக்குள்ள போட்டுருவா.

“அசையாத கிழம் குடியிருக்கும் ஊர் (7)”னு போட்டிருக்கானேன்னு என் மூஞ்சியப் பாக்காதே. விருத்தம்னா கிழம், அசலம்னா அசையாதது, மலை. நீ டிக்கெட் எடுக்கப் போற ஊருதான்டா அது!

பஸ்ஸு வந்துருச்சு, ஏறு. போற வழிக்கு ஒண்ணு தரேன்: “கருத்த வேம்பின் தழை, காரியம் முடிந்ததும் ஒதுக்கப்படும் (6)”. முக்கால்வாசி விடை பஸ்ஸு போர்டுலயே எழுதியிருக்கு. சாயந்திரம் விடையோட வா. தெரியாம வந்தீன்னா டீக்காசு உன்னுது.